யார் செய்த குற்றம்?

சென்ற மாதம் இல்லச் சந்திப்பின்போது ஒரு வீட்டில் நாம் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் அமர்ந்திருக்க நேர்ந்தது. அவ்வீட்டின் மூத்த மகன் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓராண்டுக்கு முன் அவருக்கு இரவும் பகலும் வேலை. ஞாயிறு திருப்பலிக்குக்கூட வர இயலவில்லை. அதற்காக அவரை நாம் கடிந்துகொண்டதும் உண்டு. இப்போதோ அத்தொழிற்சாலையில் ஒரு பகுதியினரை வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். அவர்களுள் அவரும் ஒருவர். இப்போது ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறார். அதைக் கண்டு மகிழத்தான் நமக்கு மனம் வரவில்லை.

"போன வருசம் ஆள் போதவில்லை என்றார்கள், சாமி. இந்த வருசம் ஆள் கூடிப்போச்சு என்கிறார்கள். நடுவிலே என்ன நடந்தது? இது யார் செய்த குற்றம்?" என்று அவருடைய தாயார் கேட்டார். மகன் மேலாளரைக் குறை சொன்னார். அண்டை வீட்டுக்காரர் அரசாங்கத்தைக் குறை சொன்னார். மூலையில் அமர்ந்திருந்த பெரியவர், காலம் கெட்டுப்போய்விட்டது என்று முடித்துவிட்டார். நாம் செபம் சொல்லி, வீட்டை மந்திரித்து வெளியே வந்தோம். தாயாரின் கேள்விக்கு விடை சொல்லவில்லை.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான் அன்றோ? பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று அவர்கள் வினவினர். ஆண்டவரோ அவ்விரண்டில் எதையும் ஏற்கவில்லை. குற்றவாளியைத் தேடி விரல் நீட்டும் அப்பழக்கத்தையே அவர் விலக்கிவிட்டார். வேத விளக்கத்தை இங்கே தொடர நாம் கருதவில்லை. அத்தாயார் கேட்ட அதே கேள்வியைக் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஆராய்ந்த ஒருவரைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறோம்.

அவர் பெயர் ஜே ஃபாரஸ்டர். 1918-இல் பிறந்து 2016-இல் மறைந்தவர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மின்சாரம் எட்டாத ஒரு மாட்டுப் பண்ணையில் வளர்ந்தார். பள்ளியில் படிக்கும்போதே காற்றின் விசையால் சுழலும் மின்னாக்கி ஒன்றைத் தம் கையாலேயே அமைத்து, பண்ணைக்கு விளக்கேற்றியவர். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியாளராகி, தொடக்ககாலக் கணிப்பொறிகளுக்கான காந்த நினைவகத்தை உருவாக்கியவர்களுள் ஒருவராகப் புகழ்பெற்றார். 1956-இல், எவரும் எதிர்பாராத வகையில், அதே கழகத்தின் மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். கம்பியும் காந்தமும் அறிந்தவருக்கு வாணிபப் பள்ளியில் என்ன வேலை என்று பலரும் வியந்திருக்கக்கூடும்.

அங்கு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த சிலரோடு அவருக்கு உரையாட வாய்ப்புக் கிடைத்தது. கென்டக்கி மாநிலத்தில் அந்நிறுவனத்துக்கு வீட்டுச் சாதனங்கள் செய்யும் ஆலைகள் இருந்தன. அவ்வாலைகளில் சில காலம் மூன்று முறை, நான்கு முறை என்று ஓயாமல் வேலை நடக்கும். சில ஆண்டுகள் சென்றால் பாதிப்பேருக்கு வேலை இராது. நாட்டின் வாணிபத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் அவ்விடை சொன்னவர்களுக்கே முழு நிறைவு தரவில்லை.

ஃபாரஸ்டர் என்ன செய்தார்? கணிப்பொறி மேதையான அவர் கணிப்பொறியின் பக்கம் போகவில்லை. அவர்களை அமரச் செய்து, கிடங்கில் சரக்குக் குறைந்தால் என்ன முடிவெடுப்பீர்கள், எப்போது ஆள் எடுப்பீர்கள், எப்போது நிறுத்துவீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். பின்னர்ப் பென்சிலை எடுத்து நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் பத்திகள் வரைந்தார்: கையிருப்பு, பணியாளர், வந்த கேட்பு. அவர்களே சொன்ன விதிகளின்படி ஒவ்வொரு வாரமாகக் கணக்கிட்டு எழுதிக்கொண்டே போனார். வெளியிலிருந்து வரும் கேட்பு சற்றும் மாறாமல் இருந்தால்கூட ஆட்களின் எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் ஆடக்கூடும் என்பது அத்தாளில் தெரிந்தது. ஆட்டம் உள்ளேயே பிறந்தது. நல்லறிவுள்ளவர்கள் நல்லெண்ணத்தோடு கடைப்பிடித்த விதிகளே அதைப் பெற்றெடுத்தன.

இது எவ்வாறு இயலும் என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் முதலில் நம்பவில்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆலை வாரத்துக்கு 100 குளிர்பதனப் பெட்டிகள் செய்கிறது. கடைகளின் கேட்பு 110 ஆகிறது. கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், கிடங்கு குறைகிறது. மேலாளர் இப்போது இரண்டு குறைகளை நிரப்ப வேண்டும்: வாரந்தோறும் கூடுதலாகக் கேட்கும் 10, அதற்குமேல் குறைந்துபோன கிடங்கு. ஆகவே 110 பெட்டிகளுக்கு வேண்டிய ஆளை எடுக்காமல் 125-க்கு வேண்டிய ஆளை எடுக்கிறார். வந்தவர்கள் வேலை பழக இரண்டு மாதம். அதற்குள் கிடங்கு மேலும் குறைய, மேலாளர் அஞ்சி இன்னும் சிலரை எடுக்கிறார். பின்னர் எல்லாரும் ஒருசேர வேலை பழகிவிடுகிறார்கள். கிடங்கு நிரம்புகிறது, நிரம்பி வழிகிறது. மேலாளர் மறுபடியும் அஞ்சுகிறார். இம்முறை வீட்டுக்கு அனுப்புகிறார், அதுவும் தேவைக்கு மேல். கடைகளின் கேட்போ முதலில் ஒரு முறை 100-லிருந்து 110 ஆனதோடு சரி. அதன்பின் அசையவே இல்லை.

காய்ச்சல் கண்ட குழந்தையின் தாய் ஒரு மாத்திரை கொடுக்கிறாள். கால் மணியில் காய்ச்சல் தணியவில்லை. இன்னொன்று கொடுக்கிறாள், பிறகு மற்றொன்று. மூன்றும் வயிற்றுக்குள் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும்போது வேறு ஆபத்து வந்து நிற்கிறது. அன்பில்லாத தாய் இவ்வாறு செய்வதில்லை. பதறிய தாயே செய்வாள்.

ஃபாரஸ்டர் தம் ஆய்வை 1961-இல் நூலாக வெளியிட்டார். மனிதர் முடிவெடுக்கும் முறையையே கணக்கு வடிவில் எழுதி, அம்முடிவுகள் காலப்போக்கில் என்ன விளைவைத் தரும் என்று முன்கூட்டியே பார்க்கும் ஒரு துறை இதிலிருந்து வளர்ந்தது. இன்று பெரிய நிறுவனங்களில் மேலாண்மையின் முடிவுகளுக்குத் துணையாக இத்தகைய மாதிரிகள் கணிப்பொறியில் ஓட்டப்படுகின்றன.

'மனிதரைக் கணக்கில் அடக்குவதா?' என்று நம் வாசகருள் சிலர் முகம் சுளிக்கலாம். அச்சுளிப்புக்கு நியாயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரெடரிக் டெய்லர் என்னும் பொறியாளர் இரும்புச் சுமை தூக்குவோரின் அசைவுகளைக் கடிகாரம் வைத்து அளந்தார். நாளொன்றுக்கு 12½ டன் சுமந்தவர்களை 47 டன் சுமக்கச் செய்ததாகவும், அதற்காக நாட்கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்த்தியதாகவும் 1911-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. அவ்வேலைக்குத் தகுந்தவன் எருதைப் போன்ற மதியுடையவனாய் இருக்க வேண்டும் என்றும் அதே நூலில் அவர் கூசாமல் எழுதியிருக்கிறார். கடவுளின் சாயலைத் தாங்கியவனைப் பற்றி இவ்வாறு எழுதும் கைக்கு நாம் மரியாதை செய்ய இயலாது.

டெய்லரின் கடிகாரம் உழைப்பவனை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டது. ஃபாரஸ்டரின் நோட்டுப் புத்தகமோ முடிவெடுப்பவரை நோக்கித் திரும்பியிருந்தது. முன்னது, 'இவன் ஏன் இன்னும் சுமக்கவில்லை?' என்று கேட்டது. பின்னது, 'நான் எந்த விதியின்படி இவனை அழைத்தேன், எந்த விதியின்படி இவனை அனுப்பினேன்?' என்று கேட்டது. இரண்டாவது கேள்வி, பாவசங்கீர்த்தனத்துக்கு முன் நாம் செய்யும் ஆத்தும சோதனைக்கு மிக நெருங்கியது என்பது நம் எண்ணம்.

ஃபாரஸ்டரின் வழிவந்தவர்கள் மாணவர்க்கும் மேலாளர்க்கும் இதைக் கற்பிக்க ஒரு விளையாட்டைக் கையாளுகிறார்கள். அதற்குப் பீர் விளையாட்டு என்று பெயர். நம் மதுவிலக்குச் சபையார் பொறுத்தருள்க. அவ்விளையாட்டில் ஒரு சொட்டு மதுவும் இல்லை. பலகையும் சில்லுகளும் காகிதத் துண்டுகளுமே உண்டு. நால்வர் வரிசையாக அமர்வர். ஒருவர் சில்லறைக் கடைக்காரர், அடுத்தவர் மொத்த வணிகர், மூன்றாமவர் விநியோகஸ்தர், நான்காமவர் ஆலைக்காரர். ஒருவரோடு ஒருவர் பேசலாகாது. எத்தனை பெட்டி வேண்டும் என்று எழுதிய துண்டுக் காகிதம் மட்டுமே செல்லும். அத்துண்டு சேரவும் வாரங்கள் ஆகும். சரக்கு வரவும் வாரங்கள் ஆகும். ஒவ்வொருவரிடமும் தொடக்கத்தில் 12 பெட்டிகள் இருக்கும். தேங்கிய ஒவ்வொரு பெட்டிக்கும் வாரத்துக்கு அரை டாலர் செலவு. கேட்டவருக்குக் கொடுக்க இயலாத ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டாலர்.

கடைக்கு வரும் வாடிக்கையாளர் முதல் நான்கு வாரங்கள் 4 பெட்டிகள் வீதம் கேட்பர். ஐந்தாம் வாரம் முதல் 8. அதன்பின் கடைசிவரை 8 மட்டுமே. இந்த ஒரே ஒரு மாற்றம் வரிசையில் மேலே செல்லச் செல்லப் பூதமாகிவிடுகிறது. சில வாரங்கள் பெரும் பஞ்சம். பின்னர் எவருக்கும் வேண்டாத சரக்கு மலையாகக் குவிகிறது. அதே கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆடியவர்களுக்கு ஆன செலவு, ஆகியிருக்க வேண்டிய செலவைப் போல் சராசரியாகப் பத்து மடங்கு. அவர்கள் செய்த தவற்றையும் அவர் கண்டெடுத்தார். கேட்டு அனுப்பியும் இன்னும் வந்து சேராத சரக்கை அவர்கள் கணக்கில் போதிய அளவு வைத்துக்கொள்வதில்லை. வழியில் இருப்பதை மறந்து மறுபடியும் கேட்கிறார்கள். காய்ச்சல் மாத்திரையின் கதைதான்.

விளையாட்டு முடிந்ததும் நடப்பதுதான் நமக்கு மிகவும் சுவையானது. வாடிக்கையாளரின் கேட்பு எவ்வாறு இருந்திருக்கும் என்று வரைந்து காட்டச் சொல்வார்கள். வரிசையில் மேலே இருந்தவர்களுள் பெரும்பாலோர் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். வாடிக்கையாளர்தாம் மனம்போன போக்கில் ஆட்டி வைத்துவிட்டார்கள் என்பதில் அவர்களுக்கு ஐயமே இராது. பின்னர் உண்மைக் கோட்டைக் காட்டுவார்கள்: 4, பிறகு 8, அதன்பின் தட்டையான ஒரு கோடு. ஏதேன் தோட்டத்தில் ஆதாம் ஏவாளைக் காட்டினான். ஏவாள் பாம்பைக் காட்டினாள். இங்கோ, காட்டுவதற்குப் பாம்பே இல்லை.

இவ்விளையாட்டில் ஆடுவோரை மாற்றி வேறு நால்வரை அமர்த்தினாலும் பெரும்பாலும் இதே கதைதான் நடக்கிறது. ஒரு மேலாளரை நீக்கிவிட்டு வேறொருவரை அமர்த்தினால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்கள், அவர் எந்த நாற்காலியில் அமர்கிறார், என்ன செய்தி அவரை எட்டுகிறது, எத்தனை வாரம் கழித்து எட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டியவர்களாகிறார்கள்.

ஆயினும் கணக்கு மாதிரியை வேதவாக்காகக் கொள்வதும் தகாது. பணியாளர் என்னும் பத்தியில் 240 என்று எழுதியிருந்தால், அந்த 240-இல் ஒருவருக்கு மகள் திருமணம் நிச்சயமாகியிருப்பதை அத்தாள் அறியாது. ஆட்டத்தின் காரணம் தெரிந்தபின்னும், சரக்குத் தேங்கும் இரண்டு மாதங்களைப் பொறுத்துக்கொண்டு ஆட்களை வைத்திருக்க மேலாளருக்கு மனம் வேண்டும். அம்மனத்தை நோட்டுப் புத்தகம் தராது. எகிப்தில் யோசேப்பு செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். கணக்கு எளியதுதான். களஞ்சியம் நிறைந்திருந்தும் கை வைக்காமல் ஏழு ஆண்டு காத்ததே அரியது.

புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் மறைமுக முதலாளி என்னும் ஒரு கருத்தை எடுத்துரைக்கிறார். கூலி கொடுப்பவர் மட்டுமே முதலாளி அல்லர். அவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை வெளியிலிருந்து முடிவுசெய்கிற அமைப்புகளும் ஆட்களும் விதிகளும் மறைமுக முதலாளிகளே. அவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் கருத்து. பல ஆண்டுகளுக்கு முன் அதைப் படித்தபோது, இது ஏதோ அரசுகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் சொன்னது என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிட்டோம். பீர் விளையாட்டைப் பற்றிப் படித்தபின் அப்பக்கத்தை மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. துண்டுக் காகிதத்தில் ஓர் எண்ணை எழுதி அனுப்புகிற ஒவ்வொருவரும் எங்கோ ஒருவரை வேலைக்கு அழைக்கிறார், எங்கோ ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறார்.

நாமும் அவ்வாறு அனுப்பியிருக்கிறோம். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது முறையன்று.

முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் மாதர் சங்கத்தின் பொறுப்பில் ஒரு தையற்கூடம் நடந்துவந்தது. அருகிலிருந்த நகரத்துக் கடை ஒன்று பள்ளிச் சீருடைகளைத் தைத்துத் தரக் கேட்கும். ஓராண்டு ஏப்ரல் மாதத்தில் 200 சோடி கேட்டார்கள். துணி வரத் தாமதம். காஜா எடுக்க ஆள் போதவில்லை. 80 மட்டுமே கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து 300 என்று எழுதிய சீட்டு வந்தது. பழைய பாக்கி 120, புதியது 300, ஆக 420 என்று நாம் கணக்கிட்டோம். கூடத்தின் பொறுப்பாளரான அம்மா, "அந்த முந்நூறில் பழைய பாக்கியும் சேர்ந்திருக்கும் போலத் தெரிகிறது, சாமி. ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்" என்றார். வியாபாரம் பெருகும் வேளையில் தயங்கலாகாது என்று நாம் சொல்லிவிட்டோம். கடன் வாங்கித் தையல் இயந்திரங்கள் சேர்த்தோம். ஆறு இளம் பெண்களைப் புதிதாக எடுத்தோம். அவர்கள் கை பழகி 420-ஐயும் தைத்து முடிப்பதற்குள் பள்ளிகள் திறந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. கடைக்காரர் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி பீரோவில் தங்கியது. அடுத்த பல மாதங்களுக்குச் சீட்டே வரவில்லை.

ஆறு பெண்களையும் அனுப்பிவிட்டோம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலரிடம் சொன்னோம். அதனினும் கொடியது, மாதர் சங்கக் கூட்டத்தில், கணக்கைச் சரியாக வைக்கவில்லை என்று பொறுப்பாளரையே குறை கூறினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் முதல் தையற்கூடத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நாமும் மாற்றலாகி வேறு பங்குக்கு வந்துவிட்டோம்.

கேட்டும் வந்து சேராத சரக்கை மறந்துவிடுகிறார்கள் என்று ஸ்டெர்மன் எழுதியதைப் படித்த அன்றிரவு, செபமாலையின் நடுவில் அந்த 120 என்னும் எண் நம் நினைவுக்கு வந்தது. கடைக்காரர் மறக்கவில்லை. அவர் அதையும் சேர்த்துத்தான் 300 என்று எழுதியிருந்தார். அதை இரு முறை எண்ணியவர் நாமே.

இரு வாரம் கழித்து அவ்வம்மாவின் வீட்டைத் தேடிச் சென்றோம். காப்பி கொடுத்தார். வந்த காரணத்தைச் சொன்னோம். அவர் உள்ளே சென்று, பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கேட்டது, கொடுத்தது, பாக்கி என்று மூன்று பத்திகள். 300 என்னும் எண்ணின் ஓரத்தில், இதில் பழைய 120 அடக்கமா என்று கேட்க வேண்டும் எனப் பென்சிலால் எழுதியிருந்தார். "அன்றைக்கே சொன்னேன், சாமி" என்றார். குரலில் கோபம் இல்லை. பின்னர், அந்த ஆறு பெண்களும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா என்று கேட்டார். நமக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, ஒவ்வொருவராகச் சொன்னார்.

கூட்டத்தின் முன் சொன்ன சொல்லை அதே கூட்டத்தின் முன்தான் திரும்பப் பெற வேண்டும். அப்பங்கின் இன்றைய தந்தை மாதர் சங்கக் கூட்டத்தில் நமக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தந்தார். நடந்ததை நடந்தவாறே சொன்னோம். அந்நோட்டையும் அவர்களிடம் காட்டினோம். அவ்வம்மா அன்று வரவில்லை. பேத்திக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.